உளவியல் பட்டம்: செலவு எவ்வளவு, வரவு எவ்வளவு?

(உயர்கல்வியும் குடும்பச் செலவும் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த அரங்கில் கேள்வி கேட்பவள் நான். இன்று பதில் சொல்லும் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். நான் பொருளாதார நிபுணர் அல்ல. உளவியல் படித்தவளும் அல்ல. மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தவள். அந்தப் படிப்புக்காக வாங்கிய பி.டி.பி.டி.என். கடனை மாதம் நூற்றுச் சொச்சம் வெள்ளியாகப் பல ஆண்டுகள் கட்டி முடித்தவள். கடைசித் தவணையைக் கட்டிய அன்று அந்த ரசீதை அம்மாவின் சாமி மேடையில் கொண்டுபோய் வைத்தேன். ஒரு படிப்புக்கு என்ன விலை என்று பேச எனக்கு இருக்கும் தகுதி அவ்வளவுதான்.

இந்தத் தலைப்பை நான் எடுத்துக்கொண்டதற்கு என் அக்காள் மகள்தான் காரணம்.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வந்த வாரம், அக்காள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான்கு தனியார் பல்கலைக்கழகங்களின் வண்ணக் கையேடுகள் பரப்பிக் கிடந்தன. பிள்ளைக்கு உளவியல் படிக்க வேண்டும். அத்தான் ஒரு தொழிற்சாலையில் லோரி ஓட்டுநர். அப்போது அவருக்கு 50 வயது. ஊழியர் சேமநிதியின் இரண்டாவது கணக்கில் ஏறத்தாழ 40,000 வெள்ளி இருந்தது. அதை எடுக்கும் பாரத்தைக்கூடப் பூர்த்தி செய்து வைத்திருந்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

என்னைப் பார்த்ததும், "நீதான் டிவியில எல்லாரையும் கேக்குறியே, சொல்லு. இந்தப் படிப்பு சோறு போடுமா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. "ரெண்டு வாரம் குடுங்க அத்தான், விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன். அப்படி விசாரித்துத் தெரிந்துகொண்டதையும், அதன் பிறகு அறிந்ததையும் சேர்த்துத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

மூன்று பெயர்கள், மூன்று பாதைகள்

நம்மில் பலர் முதலில் தடுமாறுவது பெயரில்தான். சைக்கியாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட், கவுன்சலர் ஆகிய மூவரையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறோம்.

சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் மனநல மருத்துவர். மருத்துவப் பட்டம் பெற்று, அதன்பின் மனநலத்தில் சிறப்புப் பயிற்சி முடித்தவர். மருந்து எழுதித் தருபவர் அவர்தான். உளவியல் பட்டம் படித்தவர் அந்த இடத்துக்குப் போக முடியாது. அதற்கு மருத்துவப் படிப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

கவுன்சலர், அதாவது ஆலோசகர், 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின் கீழ் வருகிறார். ஆலோசகர் வாரியத்தில் பதிந்துகொள்ளாமல் அந்தப் பெயரில் தொழில் நடத்தக் கூடாது. பதிவுக்கு வாரியம் ஏற்றுக்கொண்ட ஆலோசனைத் துறைப் படிப்பு வேண்டும்.

மூன்றாமவர் மருத்துவ உளவியலாளர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். நம் பிள்ளைகள் "உளவியல் படிக்கப் போகிறேன்" என்று சொல்லும்போது மனத்தில் வைத்திருப்பது பெரும்பாலும் இவரைத்தான். 2016ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2020ஆம் ஆண்டு ஜூலையில் நடப்புக்கு வந்த துணை சுகாதாரத் தொழில்கள் சட்டம் 23 தொழில்களைப் பட்டியலிட்டிருக்கிறது. அவற்றில் மருத்துவ உளவியலாளர் தொழிலும் ஒன்று. அந்தத் தொழிலைச் செய்ய மருத்துவ உளவியலில் முதுகலைப் பட்டம் வேண்டும்.

பெற்றோர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். மூன்று ஆண்டு இளங்கலை உளவியல் பட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் கதவில் பெயர்ப்பலகை மாட்டி, நோயாளியை உட்கார வைத்துச் சிகிச்சை தர முடியாது. மருத்துவம், பல் மருத்துவம், மருந்தகவியல் போன்றவற்றில் முதல் பட்டம் தொழிலுக்குள் நுழையும் வாசல். உளவியலில் முதல் பட்டம் பாதித் தூரம்தான். மீதித் தூரத்துக்கு மேலும் ஏறத்தாழ இரண்டு ஆண்டு முதுகலை, மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி, ஆய்வேடு எல்லாம் இருக்கின்றன. அந்த வகுப்புகளில் இடங்களும் குறைவு. நேர்காணல் வைத்துத்தான் எடுக்கிறார்கள்.

அன்று மேசையில் கிடந்த நான்கு கையேடுகளையும் நான் புரட்டிப் பார்த்தேன். வெள்ளை மேலங்கி அணிந்த பெண்ணின் படம் ஒன்றில் இருந்தது. "பட்டம் பெற்றவர்கள் செய்யக்கூடிய வேலைகள்" என்ற பட்டியலில் மருத்துவ உளவியலாளர் என்பதே முதல் வரி. அதன் ஓரத்தில் சிறிய நட்சத்திரக் குறி ஒன்று. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில், "மேற்படிப்பு தேவைப்படலாம்" என்று போட்டிருந்தது. அத்தானுக்கு அந்த எழுத்து கண்ணாடி போட்டாலும் தெரியாது.

முதல் பட்டத்தோடு நின்றால்?

அப்படியானால் இளங்கலையோடு நிற்பவர்களுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. மனிதவளப் பிரிவு, பயிற்சிப் பிரிவு, சந்தை ஆய்வு நிறுவனங்கள், தொண்டு அமைப்புகள், வங்கிகளின் வாடிக்கையாளர் சேவை எனப் பல இடங்களில் இவர்களைப் பார்க்கலாம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான தொடக்க காலப் பயிற்சி மையங்களில் சேருபவர்களும் நிறையப் பேர். நான் பேசிப் பார்த்த பட்டதாரிகளில் பலருக்கு முதல் வேலை அங்கேதான் கிடைத்திருந்தது. தரையில் உட்கார்ந்து, ஒரு குழந்தையிடமிருந்து ஒரே ஒரு சொல்லை வாங்க மூன்று மாதம் உழைக்கும் வேலை. முதுகு வலிக்கும், மனம் நிறையும், சம்பளம் மட்டும் நிறையாது என்று ஒரு பெண் சொன்னார்.

இந்த வேலைகளில் பெரும்பாலானவை உளவியல் பட்டதாரிக்கென்று ஒதுக்கப்பட்டவை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். மனிதவளப் பிரிவு வேலைக்கு வணிக நிர்வாகம் படித்தவரும் வருவார், மக்கள் தொடர்பு படித்த என்னைப் போன்றவரும் வருவார். அங்கே பட்டத்தின் பெயர் அதிகம் உதவாது. அந்தப் பட்டத்துக்குள் நீங்கள் எதைக் கற்றுக்கொண்டீர்கள் என்றுதான் கேட்பார்கள்.

இதில் உளவியல் மாணவருக்கு ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. பலருக்கு அது தெரிவதில்லை. உளவியல் பாடத்திட்டத்தில் புள்ளியியலும் ஆய்வு முறையும் கட்டாயம். ஒரு கேள்வித்தாளை எப்படித் தயாரிப்பது, நூறு பேரின் பதிலை எப்படிக் கணினியில் ஏற்றிப் பார்ப்பது, கிடைத்த எண்ணை நம்பலாமா கூடாதா என்பதையெல்லாம் சொல்லித் தருகிறார்கள். பலர் இந்தப் பாடங்களைக் கசப்பு மருந்து போல விழுங்கிவிட்டு மறந்துவிடுகிறார்கள். மறக்காமல் பிடித்துக்கொண்டவர்களுக்குச் சந்தை ஆய்விலும் நிறுவனங்களின் தரவுப் பிரிவுகளிலும் நல்ல இடம் கிடைத்திருப்பதைப் பார்த்தேன்.

நம் நாட்டுப் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி, உயர்கல்வி முடித்து வேலையில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் தங்கள் கல்வித் தகுதிக்குக் குறைவான வேலைகளைச் செய்கிறார்கள். இது உளவியல் பட்டதாரிகளுக்கு மட்டும் உரிய நிலை அல்ல. ஆனால் பட்டம் இருந்தால் போதும், வேலை தானாக வரும் என்ற அந்தக் காலத்துக் கணக்கு இனி செல்லாது என்பதை இது காட்டுகிறது.

காகிதமும் பேனாவும்

சரி, பணக்கணக்குக்கு வருவோம். நான் அத்தானோடு உட்கார்ந்து போட்ட அதே கணக்கை இன்றைய எண்களில் சொல்கிறேன். இவை எடுத்துக்காட்டுக்காக எடுத்துக்கொண்ட எண்கள்தான். உங்கள் பிள்ளைக்குக் கிடைத்த கடிதத்தில் உள்ள எண்களைப் போட்டு நீங்களே செய்து பார்க்க வேண்டும்.

தனியார் பல்கலைக்கழகங்களில் உளவியல் பட்டத்துக்குச் சுமார் 50,000 வெள்ளியிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேல் வரையிலும் ஆகிறது. அடிப்படைப் படிப்பு ஓராண்டையும் சேர்த்து நான்கு ஆண்டுக்கு 85,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை வீட்டிலிருந்தே போய் வருகிறது. செலவு இவ்வளவுதானா? இல்லை. அந்த நான்கு ஆண்டு வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளத்தையும் சேர்க்க வேண்டும். 2025ஆம் ஆண்டு பிப்ரவரியிலிருந்து நடப்பில் உள்ள குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 48 மாதத்துக்கு 81,600 வெள்ளி. ஆக மொத்தம் 166,600 வெள்ளி.

இதே பிள்ளை படிவம் ஆறு படித்து, எஸ்.டி.பி.எம். எழுதி, அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறது என்று வைப்போம். ஏறத்தாழ ஐந்து ஆண்டு ஆகும். கட்டணம், விடுதி, போக்குவரத்து எல்லாம் சேர்த்து 26,000 வெள்ளி என்று கொள்வோம். விட்டுப்போன சம்பளம் 60 மாதத்துக்கு 102,000 வெள்ளி. மொத்தம் 128,000. ஓராண்டு தாமதமாவதால் இந்த வித்தியாசம் நாம் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விட்டுப்போன சம்பளத்துக்காக யாரும் கடன் வாங்குவதில்லை. கையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் ரொக்கம் ஓரிடத்தில் 85,000, இன்னோரிடத்தில் 26,000. குடும்பத்தை அழுத்துவது இந்த ரொக்கம்தான்.

இனி வரவு. பட்டம் பெற்றவர் 2,800 வெள்ளியில் தொடங்குகிறார். படிக்காமல் வேலைக்குப் போன அவருடைய தோழி அதற்குள் 2,100 வெள்ளிக்கு வந்துவிட்டார். மாதம் 700 வெள்ளி வித்தியாசம், ஆண்டுக்கு 8,400. இந்த வித்தியாசம் இப்படியே நின்றுவிட்டால் 166,600 வெள்ளியைத் திரும்ப எடுக்க ஏறத்தாழ 20 ஆண்டு ஆகும். ஐந்து ஆண்டுக்குப் பிறகு பதவி உயர்வு கிடைத்து, வித்தியாசம் மாதம் 1,500 ஆகக் கூடினால் 12 ஆண்டில் எடுத்துவிடலாம். அரசாங்கப் பல்கலைக்கழகப் பாதையில் அதுவே 10 ஆண்டுக்குள் முடிந்துவிடும்.

ஆக, அதே பட்டம், அதே பாடம். ஆனால் என்ன விலைக்கு வாங்கினோம், வாங்கிய பிறகு எங்கே போய் நின்றோம் என்பதைப் பொறுத்து 10 ஆண்டும் ஆகலாம், 20 ஆண்டும் ஆகலாம். "உளவியல் சோறு போடுமா?" என்ற அத்தானின் கேள்விக்கு ஒரே பதில் இல்லை என்பது அந்தக் காகிதத்தில்தான் எனக்கே விளங்கியது.

அத்தானின் சேமநிதிப் பணத்துக்கும் தனிக் கணக்கு உண்டு. அந்த 40,000 வெள்ளியை எடுக்காமல் விட்டால் அது சும்மா கிடக்காது. சேமநிதி வாரியம் 2023ஆம் ஆண்டுக்கு 5.50 விழுக்காடும் 2024ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடும் இலாப ஈவு அறிவித்தது. ஆண்டுக்கு ஐந்தரை விழுக்காடு என்று வைத்தாலே 15 ஆண்டில் அந்தப் பணம் ஏறத்தாழ 89,000 வெள்ளி ஆகும். லோரி ஓட்டும் ஒரு மனிதருக்கு 65 வயதில் 89,000 வெள்ளி என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கணக்கைக் காட்டியபோது அத்தான் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

பிள்ளை சொன்ன காரணம்

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால், "இந்தப் படிப்பு வேண்டாம்" என்று நான் சொல்லியிருப்பேன். அப்போது அதுவரை பேசாமல் இருந்த பிள்ளை பேசினாள்.

அவளுடைய அப்பாவைப் பெற்ற தாத்தா ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்தவர். தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்ட பிறகு, அடுக்குமாடி வீட்டின் ஒன்பதாவது மாடிக்குக் குடி வந்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தார். பிறகு சாப்பாட்டைக் குறைத்தார். குடும்பம் கோயிலுக்குக் கூட்டிப் போனது, தாயத்துக் கட்டியது, சாமி பார்ப்பவரிடம் போனது. மருத்துவமனைக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால், "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பப் பாக்குறீங்களா?" என்று பாட்டி அழுவார். அங்கே 1911ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வரும் மனநல மருத்துவமனையின் இன்றைய பெயர் பஹாகியா. மகிழ்ச்சி என்று பொருள். ஆனால் நமக்கு இன்னும் அந்த ஊரின் பெயர் ஒரு வசைச் சொல்லாகத்தான் இருக்கிறது. இப்படியே இரண்டு ஆண்டு ஓடிவிட்டது.

கடைசியில் ஒரு மருத்துவமனைக்குப் போனபோது, 13 வயதுப் பேத்திதான் மொழிபெயர்ப்பாளர். மருத்துவர் மலாய்மொழியில் கேட்டார். தாத்தா தமிழில், "மனசு கனமா இருக்கும்மா" என்றார். பேத்தி அதை அப்படியே, "ஹாத்தி பெராட்" என்று சொன்னாள். மலாய்மொழியில் 'பெராட் ஹாத்தி' என்றால் தயக்கம், விருப்பமில்லாமை. மருந்து சாப்பிட விருப்பமில்லை போலும் என்று நினைத்த மருத்துவர், மருந்தின் அவசியத்தைப் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். தாத்தா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன் சித்தி. பெரிய பிள்ளையான பிறகுதான் எனக்கே புரிஞ்சிச்சு. தாத்தா சொன்னது கடைசி வரைக்கும் அந்த டாக்டருக்குப் போய்ச் சேரவே இல்ல" என்றாள்.

தாத்தா அடுத்த ஆண்டு காலமானார். மேசையில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும். ஆனால் அந்தப் பிள்ளை இதை இத்தனை ஆண்டு மனத்தில் வைத்திருந்தது யாருக்கும் தெரியாது. அத்தான் முதன்முறையாக அழுததை அன்று பார்த்தேன்.

தமிழில் மனம் விட்டுப் பேசினால் தமிழிலேயே புரிந்துகொள்ளும் மருத்துவ உளவியலாளர்கள் நமக்குத் தேவை. அந்தத் தேவையை நான் போட்ட 20 ஆண்டு, 10 ஆண்டுக் கணக்கில் எந்த வரியிலும் எழுத முடியவில்லை. அதே சமயம், அந்தத் தேவைக்கான செலவை ஒரு லோரி ஓட்டுநர் மட்டும் தன் முதுமைப் பணத்தில் சுமக்க வேண்டுமா என்ற கேள்வியும் எழுந்தது. பிள்ளையின் ஆசை நல்ல ஆசை. நல்ல ஆசை என்பதற்காகக் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது. அவள் ஆசைப்பட்டது மருத்துவ உளவியல். முதல் பட்டத்திலேயே பணத்தையெல்லாம் கொட்டிவிட்டால், முதுகலைக்குப் போகும்போது கை காலியாக இருக்கும். நடுவழியில் நின்றுபோகும் பிள்ளைகள் பலருக்கு இதுதான் நடக்கிறது.

முதுகலைக்கு ஆகும் செலவையும் சேர்த்துப் பாருங்கள். கட்டணம் 40,000 வெள்ளி என்று கொண்டால், பயிற்சிக் காலத்தில் முழுநேர வேலைக்குப் போவது சிரமம் என்பதால் இரண்டு ஆண்டுச் சம்பளம் 67,200 வெள்ளியும் போகும். மொத்தம் 107,200. கையேட்டின் நட்சத்திரக் குறிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது இந்தத் தொகைதான்.

ஓர் உளவியலாளர் சொல்லும் பாடம்

உளவியலாளர் ஒருவர் பொருளாதாரத்துக்கான நோபெல் பரிசு பெற்றிருக்கிறார். பெயர் டேனியல் கானமன். 2002ஆம் ஆண்டில் பரிசு பெற்ற அவர் 2024ஆம் ஆண்டில் காலமானார். மனிதர்கள் கணக்கில் எங்கே தவறு செய்கிறார்கள் என்பதை ஆராய்ந்தவர். அவர் தன் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியிருக்கிறார்.

இஸ்ரேலில் பள்ளிகளுக்காக ஒரு புதிய பாடத்திட்டமும் பாடநூலும் தயாரிக்க ஒரு குழு கூடியது. எத்தனை காலத்தில் முடிப்போம் என்று ஒவ்வொருவரையும் எழுதித் தரச் சொன்னார். எல்லாரும் ஏறத்தாழ இரண்டு ஆண்டு என்று எழுதினார்கள். குழுவில் பாடத்திட்ட வேலையில் அனுபவமுள்ள ஒருவர் இருந்தார். அவரிடம், "இதே வேலையைத் தொடங்கிய மற்றக் குழுக்களுக்கு என்ன ஆனது?" என்று கானமன் கேட்டார். அவர் யோசித்துவிட்டு, ஏறத்தாழ 40 விழுக்காட்டுக் குழுக்கள் முடிக்கவே இல்லை, முடித்தவர்களுக்கும் ஏழிலிருந்து பத்து ஆண்டு ஆனது என்றார். இப்படிச் சொன்ன அதே மனிதரும் சற்று முன்புதான் இரண்டு ஆண்டு என்று எழுதிக் கொடுத்திருந்தார்! கேட்ட பிறகும் யாரும் நிறுத்தவில்லை. கடைசியில் அந்த நூல் முடிய எட்டு ஆண்டு ஆனது.

நாமும் இதைத்தான் செய்கிறோம். நம் பிள்ளையைப் பார்க்கிறோம். "அவள் கெட்டிக்காரி, எப்படியும் வந்துவிடுவாள்" என்கிறோம். அதே வகுப்பில் நமக்கு முன்னே போன முப்பது பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று கேட்பதில்லை. அவர்களும் கெட்டிக்காரப் பிள்ளைகள்தாம். அவர்களுக்கும் அம்மா அப்பா இருந்தார்கள்.

கையெழுத்துக்கு முன் ஐந்து கேள்விகள்

ஆகவே பாரத்தில் கையெழுத்துப் போடும் முன் இந்த ஐந்தையும் கேளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, முழுத் தொகை என்ன? பதிவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம், ஆண்டுதோறும் கூடும் கட்டணம் எல்லாம் சேர்த்து எழுத்தில் வாங்குங்கள். பி.டி.பி.டி.என். கடன் அதில் எவ்வளவை அடைக்கும், மீதி எங்கிருந்து வரும் என்று பாருங்கள். ஆண்டுக்கு 1 விழுக்காட்டுச் சேவைக் கட்டணம் என்பதால் அது மலிவான கடன்தான். ஆனாலும் அது கடன்தான்.

இரண்டு, அந்தப் படிப்பு மலேசியத் தகுதி நிறுவனத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா? அந்தப் பட்டியலை இணையத்தில் யாரும் பார்க்கலாம். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது, அந்தப் பட்டத்தின் பெயர் இருக்க வேண்டும்.

மூன்று, சென்ற ஆண்டு முடித்தவர்கள் என்ன வேலையில், என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள்? மூன்று பேரின் தொடர்பையாவது கேட்டு வாங்கிப் பேசிப் பாருங்கள்.

நான்கு, பிள்ளை முதுகலைக்குப் போக நினைக்கிறதா? போவதாக இருந்தால் என்ன தேர்ச்சி வேண்டும், அந்தச் செலவை யார் ஏற்பது? இதை முதல் ஆண்டிலேயே பேசிவிடுங்கள்.

ஐந்து, தொழிற்பயிற்சி எங்கே? நல்ல இடத்தில் செய்த மூன்று மாதப் பயிற்சி, முதல் வேலைக்கு மதிப்பெண்ணைவிட அதிகமாக உதவியதை நான் பார்த்திருக்கிறேன். என் முதல் தொலைக்காட்சி வேலையும் அப்படி வந்ததுதான்.

பிறகு என்ன ஆனது?

அத்தான் அந்தப் பாரத்தில் கையெழுத்துப் போடவில்லை. பிள்ளை படிவம் ஆறுக்குப் போனாள். தோழிகள் தனியார் கல்லூரிகளில் வண்ண உடையில் படம் போட்டுக்கொண்டிருந்தபோது இவள் இன்னும் பள்ளிச் சீருடையில் இருந்தாள். அது அவளுக்கு எளிதாக இல்லை. "எல்லாம் நீ போட்ட கணக்கு" என்று அக்காள் என்னிடம் இரண்டு மாதம் சரியாகப் பேசவில்லை.

எஸ்.டி.பி.எம். முடிந்து, மலேசிய சபா பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையில் இடம் கிடைத்தது. கோத்தா கினபாலுவுக்கு விமானம் ஏறிய அன்று விமான நிலையத்தில் அக்காள் அழுத அழுகையை நான் இங்கே சொல்லப்போவதில்லை. சேமநிதிப் பணத்தை அத்தான் இன்னும் தொடவில்லை. "அது ரெண்டாவது படிப்புக்கு. அது வரைக்கும் வளரட்டும்" என்கிறார். அவள் முதுகலைக்கு இடம் பெறுவாளா, மனம் மாறி மனிதவளத் துறைக்குப் போவாளா, இப்போது யாராலும் சொல்ல முடியாது. மனம் மாறினாலும் அந்த வீடு கடனில் மூழ்காது. அன்று நாங்கள் போட்ட கணக்கு அதற்காகத்தான்.

சென்ற மாதம் தொலைபேசியில் பேசும்போது, புள்ளியியல் பாடம் உயிரை வாங்குகிறது என்றாள். "அதை விட்டுடாதம்மா, அதுதான் சோறு போடும்" என்றேன். சிரித்தாள். பிறகு ஒரு விஷயம் சொன்னாள். 'மனசு கனமா இருக்கு' என்பதை மலாய்மொழியில் எப்படிச் சரியாகச் சொல்வது என்று தன் விரிவுரையாளரிடம் கேட்டாளாம். அவர் உடனே பதில் சொல்லவில்லையாம். "அந்தத் தாத்தா அந்த நேரத்தில் வேறு என்னென்ன சொன்னார்?" என்று முதலில் கேட்டாராம்.

அந்தக் கேள்வியை அன்று அந்த அறையில் கேட்க ஒருவர் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்தேன். நம் பிள்ளைகளில் சிலர் அந்த நாற்காலிக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் பணம் தீர்ந்து நின்றுவிடாமல் போய்ச் சேர வேண்டும். அதற்குத்தான் முதலிலேயே காகிதமும் பேனாவும் எடுங்கள் என்கிறேன்.